புதரும் உண்ணியும்: சிலாங்கூர் மண் கற்பித்த பாடம்

'உண்ணி' என்பது தமிழருக்குப் பழகிய சொல். 'உண்' என்னும் வினைப்பகுதி இகர விகுதி பெற்று, உண்பது என்னும் பொருளில் நிற்கிறது. ஊனுண்ணி, புல்லுண்ணி என்னும் சொற்களும் இம்முறையில் அமைந்தவையே. எனினும், அடைமொழி ஏதுமின்றி 'உண்ணி' என்று சொன்ன அளவில், மாட்டின் மடியிலும் நாயின் செவியிலும் பற்றித் தொங்கிக் குருதி குடிக்கும் சிற்றுயிரே நினைவுக்கு வரும். மேயும் மாட்டை விட்டகலாத வெண்பறவைக்கு 'உண்ணிக்கொக்கு' என்று பெயரிட்டவர்கள், அவ்விரு உயிர்களின் உறவை நன்கு கண்டறிந்தவர்களே ஆவர்.

அண்மைக் காலத்தில் இச்சொல் ஒரு நோய்க்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தில் 'ஸ்கிரப் டைபஸ்' எனப்படும் கடுங்காய்ச்சலைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்றே எழுதுகின்றன. பெயர் எளிது; நாவிலும் நிற்கிறது. ஆனால் அதனால் ஒரு மயக்கமும் நேர்கிறது. இக்காய்ச்சலைத் தருவது, கண்ணுக்கு நன்கு தெரியும் மாட்டுண்ணி அன்று. அதற்கு உறவான, மண்ணில் வாழும், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத வேறோர் உயிர் அது. ஆங்கிலேயர் அதனை 'மைட்' என்பர். அதன் சிறுமை கருதிச் 'சிற்றுண்ணி' என்று ஈண்டு வழங்கலாம்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பகைவன் யார், எங்கே வாழ்கிறான், எப்போது தாக்குகிறான் என்பவற்றை அறியாதவன் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது. இச்சிற்றுயிரைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி கோலாலம்பூரிலும், அதனைச் சூழ்ந்த சிலாங்கூர்த் தோட்டங்களிலும் கண்டறியப்பட்டது. அத்தோட்டங்களில் புதர் வெட்டியும் புல் களைந்தும் உழைத்தவர்களுள் தமிழர் மிகப் பலர். ஆகவே இவ்வரலாறு மருத்துவ நூலுக்கு மட்டும் உரியதன்று. மலாயாத் தமிழர் வரலாற்றுக்கும் உரியது.

சிற்றுண்ணியின் வாழ்க்கை

உண்ணியும் சிற்றுண்ணியும் சிலந்தி இனத்துக்கு உறவானவை. முட்டையினின்று வெளிவரும் இளம்பருவத்தில் இரண்டிற்கும் ஆறு கால்கள்; வளர்ந்தபின் எட்டு. ஒற்றுமை இவ்வளவே. உண்ணி தன் வாழ்வின் ஒவ்வொரு பருவத்திலும் குருதி உண்டே வளர்கிறது. சிற்றுண்ணியோ இளம்பருவத்தில் ஒரே ஒரு முறை மட்டும் விலங்கின் உடலைப் பற்றுகிறது. அதுவும் குருதிக்காக அன்று; தோலின் திசுவைத் தன் உமிழ்நீரால் கரைத்து, அச்சாற்றையே உறிஞ்சுகிறது. இரண்டு மூன்று நாள் பற்றியிருந்து, வயிறு நிறைந்ததும் நிலத்தில் உதிர்ந்துவிடும். அதன்பின் மண்ணுக்குள் வாழ்ந்து, பிற சிறு பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வளரும். மனிதனையோ எலியையோ அது மீண்டும் நாடுவதில்லை.

இங்கே ஒரு வினா எழுகிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை கடிக்கும் உயிர் நோயை எவ்வாறு பரப்பும்? ஓர் எலியைக் கடித்து நோய்க்கிருமியைப் பெற்று, மற்றொருவரைக் கடித்து அதனைச் செலுத்த அதற்கு வாய்ப்பே இல்லையே! இதற்கு அறிஞர் கண்ட விடை வியப்புக்குரியது. நோய்க்கிருமி தாயின் உடலிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குச் செல்கிறது. கிருமியுடன் பிறக்கும் குஞ்சு, தன் முதற்கடியிலேயே நோயைத் தந்துவிடுகிறது. கிருமியின் களஞ்சியம் சிற்றுண்ணியே. எலி, குஞ்சுகளை ஊட்டி ஊர்விட்டு ஊர் சுமந்து திரியும் வண்டி போன்றது.

இளஞ்சிற்றுண்ணியின் உடல் கால் மில்லிமீட்டரளவும் இராது. புல்நுனியிலும் சருகின் மேலும் கூட்டங்கூட்டமாகக் காத்திருந்து, கடந்து செல்லும் எவ்வுயிரின் மீதும் தொற்றிக்கொள்ளும். மனிதன் மேல் ஏறினால், ஆடை இறுகும் இடுப்பையும் அக்குளையும் தொடையிடுக்கையும் நாடும். கடிக்கும்போது வலி இராது. ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடுந்தலைவலி, உடல்வலி ஆகியவை தோன்றும். கடித்த இடத்தில், நெருப்புச் சுட்டது போன்ற கரிய பொருக்கு ஒன்று பலருக்கு உண்டாகும். அப்பொருக்கே இந்நோயின் முத்திரை. ஆனால் அது எல்லாரிடத்தும் காணப்படுவதில்லை. காணப்படினும் மறைவான இடத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

கிள்ளானும் கோலாலம்பூரும்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் காடழித்து நாடாக்கப்பட்டுவந்த நிலம். 1900-இல் கோலாலம்பூரில் நோய்க்குறியியல் நிலையம் ஒன்று தொடங்கப்பெற்று, மறு ஆண்டே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. அதே 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். மலேரியாவால் கிள்ளானும் புதிதாகத் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகமும் நலிந்த காலம் அது. மக்களிடம் 'கொசுக்கடிக்கு அஞ்சி நடந்துகொள்க' என்று சொல்வதோடு வாட்சன் நின்றுவிடவில்லை. சதுப்பு நிலங்களை வெட்டி, நீரை வடியச் செய்து, கொசுவின் பிறப்பிடத்தையே அகற்றினார். நோய் தணிந்தது. தனி மனிதனின் எச்சரிக்கையைக் காட்டிலும் நிலத்தைத் திருத்துவதே வலிது என்னும் கருத்துக்குக் கிள்ளான் உலகறிந்த சான்றாயிற்று.

இந்தச் சூழலில் வந்து சேர்ந்தவர்களே தமிழ்த் தொழிலாளர். நகரத்தில், செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இரயில்வே ஊழியராக ஒரு சாரார் குடியேறினர். பெரும்பாலோர் கங்காணிகளின் வழியே இரப்பர்த் தோட்டங்களை அடைந்தனர். 1917-இல் கோலசிலாங்கூருக்கு அருகில் தெனமாரம் தோட்டத்தில் செம்பனை வாணிக முறையில் பயிரிடப்பட்டது. மலாயாவில் அவ்வகையில் அதுவே முதல் தோட்டம். பின் செம்பனை எங்கும் பரவியது. விழுந்த பழங்களை எலிகள் நாடின. இளமரங்களுக்கிடையே லாலாங் புல்லும் பெரணியும் அடர்ந்தன. அவற்றைக் களைவதும், ஓலை கழிப்பதும், பழக்குலை சுமப்பதும் தொழிலாளர் வேலை. காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு புதருக்குள் நுழைந்தவர்களே, எலியும் சிற்றுண்ணியும் தமக்குள் கொண்ட உறவில் தம்மை அறியாமல் அகப்பட்டனர்.

இரு காய்ச்சல்கள்

1920-களின் நடுவில், கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பிளெட்சரும் லெஸ்லரும் ஒரு புதுமையைக் கண்டனர். மலேரியாவும் அன்று, குடற்காய்ச்சலும் அன்று. ஐரோப்பாவில் பேன் வழிப் பரவும் டைபஸ் காய்ச்சலை ஒத்த ஒன்று மலாயாவில் பலரை வாட்டியது. ஆனால் நோயாளிகளிடத்தில் பேன் இல்லை. ஒருவரிடமிருந்து அருகிலிருப்பவருக்கு அது தொற்றவும் இல்லை. பிளெட்சர் இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் அரிசி உணவுக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்ந்து புகழ்பெற்றவர். நுணுகிக் காண்பது அவர் இயல்பு.

அக்காலத்தில் டைபஸ் நோயை அறிய வெயில், பெலிக்ஸ் என்னும் இருவர் வகுத்த குருதிச் சோதனை ஒன்று இருந்தது. நோயாளியின் குருதிநீரைப் 'புரோட்டியஸ்' என்னும் ஒருவகை நுண்ணுயிர்க் கலவையுடன் சேர்த்தால், அந்நுண்ணுயிர்கள் திரண்டு கட்டியாகும். கோலாலம்பூரில் அச்சோதனைக்கு இரண்டு வித்துகள் கையிருப்பில் இருந்தன. ஒன்று வார்சாவிலிருந்து வந்தது. மற்றொன்று கிங்ஸ்பரி என்னும் மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்தது. இரண்டும் ஒன்றே என்று எண்ணியிருந்தவர்களுக்கு வியப்புக் காத்திருந்தது. சில நோயாளிகளின் குருதி முதல் வித்தை மட்டுமே திரளச் செய்தது; வேறு சிலர் குருதி கிங்ஸ்பரியின் வித்தை மட்டுமே திரளச் செய்தது.

ஒரே நோய் என்று கருதப்பட்டது இரண்டாகப் பிரிந்தது இவ்வாறுதான். முதல் வகையினர் பெரும்பாலும் நகரத்தார். கடைகளிலும் கிடங்குகளிலும் இருப்போர். அதனைக் 'கடைக் காய்ச்சல்' என்றனர். அது எலித்தெள்ளால் வருவது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இரண்டாம் வகையினர் தோட்டத்திலும் வெளியிடத்திலும் உழைப்போர். அதனைப் 'புதர்க் காய்ச்சல்' என்றனர். கிங்ஸ்பரியின் பெயர் முதலெழுத்தைத் தாங்கிய அவ்வித்து, உலகெங்கும் மருத்துவமனைகளில் நெடுங்காலம் பயன்பட்டது. கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாக அமைந்த ஒரு வேறுபாடு, உலக மருத்துவத்துக்கு ஒரு கருவியாயிற்று.

ஜப்பானியப் பெயரும் மலாயாப் புதரும்

இதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, ஜப்பானின் ஆற்றங்கரைகளில் 'சுத்சுகாமுஷி' என்றொரு கொடுநோய் அறியப்பட்டிருந்தது. 'முஷி' என்றால் பூச்சி. வெள்ளம் வடிந்த கரைகளில் அறுவடைக்குச் சென்ற உழவரை அது பற்றியது; சில இடங்களில் நோயுற்றவர் நூற்றுவரில் முப்பதின்மருக்கும் மேல் மாண்டனர். சீன நாட்டில் கே ஹோங் என்னும் அறிஞர் கி.பி. 4-ஆம் நூற்றாண்டிலேயே மணலில் வாழும் நுண்பூச்சியால் வரும் காய்ச்சலைக் குறித்திருக்கிறார். கிள்ளானுக்கு எதிரே, நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் டெலி வட்டாரப் புகையிலைத் தோட்டங்களிலும் இத்தகைய காய்ச்சல் காணப்பட்டது. 1922-இல் வால்க் என்பார் அங்கே கண்டு விளக்கிய சிற்றுண்ணி, டெலியின் பெயராலேயே இன்றும் அறிவியலில் வழங்குகிறது. மலாயாவில் இந்நோயைச் சுமக்கும் முதன்மையான இனமும் அதுவே.

மலாயாவின் புதர்க் காய்ச்சலும் ஜப்பானிய நோயும் ஒன்றா, வேறா? தொடக்கத்தில் பிளெட்சரும் அவர் கூட்டாளிகளும் அவை வேறு என்றே கருதினர். கரிய பொருக்கு உள்ளவர்களை ஒரு நோயிலும், பொருக்குக் காணப்படாதவர்களை மற்றொரு நோயிலும் சேர்த்தனர். பின்வந்த லூத்வெயிட்டும் சவூரும் இச்சிக்கலை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். விலங்குகளிடத்தே ஒரு நோயின் கிருமியைச் செலுத்தி, அது மற்றதிலிருந்து காப்புத் தருகிறதா என்று மீண்டும் மீண்டும் சோதித்தனர். இரண்டும் ஒன்றே என்று 1940-இல் நிறுவினர். பொருக்குக் காணப்படாமையை நோயின் வேறுபாடாகக் கொண்டதே முன்னையோரின் மயக்கம். நோயாளியின் உடலை முழுதும் நோக்காமல் நோய்க்குப் பெயரிடல் ஆகாது என்பது இதனால் பெறப்படும் நீதி.

காடா, கரம்பா?

இந்நோய் அடர்ந்த காட்டின் நோய் என்பதே பலர் எண்ணம். உண்மை வேறு. இதனை நன்கு விளக்கியவர் ஜே. ஆர். ஆடி என்னும் ஆங்கில அறிஞர். இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனைப் படைகளிடையே இக்காய்ச்சல் பரவியபோது அதனை ஆராய்ந்த அவர், போருக்குப் பின் கோலாலம்பூர்க் கழகத்தில் பணியாற்றினார். சிற்றுண்ணிகள் நிலமெங்கும் ஒருசீராகப் பரவியிருப்பதில்லை. தீவுகள் போல் ஆங்காங்கே திட்டுத்திட்டாகக் குவிந்திருக்கின்றன என்று அவர் காட்டினார். ஒரு திட்டில் அமர்ந்தவன் நோயுறுவான். சில அடி தள்ளி அமர்ந்தவன் தப்புவான்.

அத்திட்டுகள் எங்கே மிகுதி? மனிதன் காட்டை வெட்டிவிட்டுப் பின் கைவிட்ட இடங்களில். லாலாங் படர்ந்த கரம்பில். தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட விளிம்பில். பாழ்பட்ட குடியிருப்பின் ஓரத்தில். மூப்புற்ற பெருங்காட்டின் நிழலில் எலியும் குறைவு, புல்லும் குறைவு. மரம் வீழ்ந்து வெயில் பட்டதும் புல் எழுகிறது. புல்லில் எலி பெருகுகிறது. எலியோடு சிற்றுண்ணியும் பெருகுகிறது. ஆகவே புதர்க் காய்ச்சலைப் பெரிதும் வளர்த்தவன் மனிதனே. கிள்ளானில் நிலத்தைத் திருத்தியதால் மலேரியா தணிந்தது. நிலத்தை அரைகுறையாகத் திருத்திக் கைவிட்டதால் சிலாங்கூரில் புதர்க் காய்ச்சல் வளர்ந்தது. இரண்டும் ஒரே மாநிலத்தில், ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தவை. இவற்றைச் சேர்த்து நோக்கும்போதே பாடம் முழுமையாகிறது.

1948-ஆம் ஆண்டின் மருந்து

நோயின் இருப்பிடம் தெரிந்தது, வழி தெரிந்தது, மருந்து மட்டும் இல்லை. 1947-இல், வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர் வாயிலாகக் குளோரம்பெனிக்கால் என்னும் மருந்து கண்டறியப்பட்டது. 1948 மார்ச்சில் ஜோசப் ஸ்மாடல் என்பாரின் தலைமையில் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று அம்மருந்துடன் கோலாலம்பூர் வந்திறங்கியது. உட்வர்ட், டிராப் முதலியோரும் இக்குழுவினர். லூத்வெயிட்டும் சவூரும் அவர்களுடன் இணைந்தனர்.

முதல் ஆய்வில் 25 புதர்க் காய்ச்சல் நோயாளிகள் இம்மருந்தைப் பெற்றனர். மருந்து பெறாத 12 பேருடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டனர். இரண்டு மூன்று வாரம் எரிக்கும் காய்ச்சல், மருந்துண்டவர்களிடம் ஏறத்தாழ ஒன்றரை நாளில் தணிந்தது. இருபத்தைவரும் பிழைத்தனர். அதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. புதர்க் காய்ச்சல் என்று கருதி மருந்து தரப்பட்ட சிலருக்கு இருந்தது உண்மையில் குடற்காய்ச்சல் என்று பின்னர்த் தெரிந்தது, அவர்களும் நலமடைந்தனர். குடற்காய்ச்சலுக்கு மருந்தே இல்லாத காலம் அது. அக்குறிப்பைப் பற்றிக்கொண்டு பத்து நோயாளிகளிடம் மேலும் சோதித்தனர். அந்நோய்க்கும் மருந்து உண்டு என்று உலகம் அறிந்தது கோலாலம்பூரிலிருந்துதான்.

1978-இல், டாக்சிசைக்கிளின் என்னும் மருந்தின் ஒரே வேளை மருந்தளவும் இந்நோயைத் தீர்க்க வல்லது என்று மலேசியாவில் நடந்த மற்றோர் ஆய்வு காட்டியது. அவ்வழியின் தொடர்ச்சி இன்று தமிழ்நாட்டில் காணப்படுகிறது. முற்றிய நோயாளிகளுக்கு டாக்சிசைக்கிளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துச் செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதினும் சிறந்தது என்பதை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் தலைமையில் 794 நோயாளிகளிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2023-இல் உலகுக்கு உரைத்தது. சிலாங்கூரில் தொடங்கிய ஆராய்ச்சி, அத்தோட்டத் தொழிலாளரின் முன்னோர் வாழ்ந்த நாட்டிற்கே வந்து சேர்ந்தது எனலாம்.

உலு லங்காட்டின் உண்ணி

சிற்றுண்ணியைப் பற்றிய வரலாறு இது. உண்மையான உண்ணிக்கும் சிலாங்கூரில் ஒரு வரலாறு உண்டு. 1956-இல் கோலாலம்பூருக்குத் தென்கிழக்கே உலு லங்காட் காட்டில் எலிகளின் மேலிருந்து எடுத்த உண்ணிகளில், அதுவரை அறியப்படாத ஒரு வைரசைக் கார்டன் ஸ்மித் கண்டறிந்தார். அது 'லங்காட் வைரஸ்' என்று பெயர்பெற்றது. ருசிய நாட்டுக் காடுகளில் உண்ணியால் வரும் மூளைக்காய்ச்சலின் வைரசுக்கு அது நெருங்கிய உறவு. ஆயினும் இயற்கையில் மனிதருக்கு நோய் செய்ததாக அறியப்படவில்லை. அதன் மென்மை கண்டு, கொடிய உறவுகளுக்கு எதிரான தடுப்பூசியாக அதனைப் பயன்படுத்தவும் முயன்றனர். ஊசி பெற்றவருள் சிலருக்கு மூளைக்காய்ச்சல் நேர்ந்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

மறு ஆண்டே, 1957-இல், அதன் கொடிய உறவு ஒன்று இந்தியாவில் வெளிப்பட்டது. அன்றைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தன. விறகும் சருகும் திரட்டச் சென்ற ஊரார் காய்ச்சலுற்றனர். பூனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து, உண்ணி வழிப் பரவும் புதிய வைரஸ் அது என்று நிறுவினர். பின்னாளில் அந்நோய் கேரளத்து வயநாட்டிலும் காணப்பட்டது. அங்கும் ஊர் காட்டை நெருங்கியதும், மேயும் கால்நடைகள் உண்ணிகளுக்கு இரையூட்டியதும் நோய்க்குத் துணையாயின. மலாயாவின் சிற்றுண்ணியும் மைசூரின் உண்ணியும் வெவ்வேறு உயிர்கள், வெவ்வேறு கிருமிகள். ஆனால் இரண்டும் கூறும் செய்தி ஒன்றே: காடும் ஊரும் கலக்கும் விளிம்பே இடர் மிகுந்த நிலம்.

தற்காக்கும் முறைகள்

இவ்வரலாற்றிலிருந்தே தற்காப்பு முறைகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அவ்வுயிரின் வாழ்க்கையே காரணம் காட்டும்.

அது புல்லிலும் சருகிலும் காத்திருப்பது. ஆகவே வெட்டவெளிப் புல்தரையிலும் புதரோரத்திலும் நேரே அமர்வதும் படுப்பதும் தகாது; தடித்த விரிப்பேனும் வேண்டும். நடப்பவர் பாதையின் நடுவே நடத்தல் நன்று. அது காலின் வழியே ஏறுவது. ஆகவே முழுக்கால் சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகுவது சிறந்த காப்பு. வெளிர் நிற ஆடையில் ஏறும் உண்ணி கண்ணுக்கு எளிதிற் புலப்படும்.

ஆடையில் மருந்து பூசும் முறை போர்க்காலத்தில் வளர்ந்தது. ஆஸ்திரேலியாவின் மெக்கல்லோக் முதலியோர், டைபியூட்டைல் தாலேட் என்னும் நீர்மத்தைப் படைவீரர் உடையில் தோய்த்தால் சிற்றுண்ணி அணுகாது என்றும், துவைத்தாலும் அதன் ஆற்றல் ஓரளவு நிற்கும் என்றும் கண்டனர். இன்று அவ்விடத்தைப் பெர்மெத்ரின் பெற்றுள்ளது. அது ஆடைக்கு மட்டும் உரியது, தோலுக்கு ஆகாது. தோலில் பூசுவதற்கு டீட் என்னும் விரட்டி உண்டு.

வீடு திரும்பியதும் ஆடைகளைக் களைந்து வெந்நீரில் துவைத்து, உடலை நன்கு தேய்த்துக் குளித்தல் வேண்டும். இன்னும் ஊன்றாத சிற்றுண்ணிகள் அதனால் நீங்கும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம், செவியின் பின்புறம், தலைமயிர் ஆகிய இடங்களைத் தேடிப் பார்த்தல் வேண்டும். குழந்தைகளைப் பெற்றோரே பார்க்க வேண்டும்.

உண்ணி பற்றியிருப்பது கண்டால், நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாய்ப்புறத்தைப் பிடித்து, முறுக்காமல் நேரே மெல்ல இழுத்தெடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும், தீக்குச்சியால் சுடுவதும், விரலால் நசுக்குவதும் பழக்கத்தில் உள்ளவையே ஆயினும் தீங்கானவை. உண்ணியின் உடலிலுள்ள கிருமி அதனால் நம் உடலுக்குள் வரக்கூடும். செவிக்குள் உண்ணி புகுவதும் மலேசியாவில் நிகழ்வதுண்டு. அதனைத் தானே குடைந்தெடுக்க முயலாமல் மருத்துவரை நாடுவதே முறை.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று. புதரிடைச் சென்று வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், 'இன்ன இடத்துக்குச் சென்றேன்' என்று மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும். புதர்க் காய்ச்சலுக்கு இன்றும் தடுப்பூசி இல்லை. ஆனால் மருந்து உண்டு. காலத்தில் தந்தால் விரைந்து தீர்க்கும். காலம் தாழ்ந்தால் நுரையீரலையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிருக்கு இறுதி காணும். மருந்தின்மையால் மாண்டவர் அன்று பலர். மருந்து இருந்தும், நோய் இன்னதென்று உணரப்படாமையால் இன்று ஒருவர் மாள்வது அதனினும் வருந்தத்தக்கது.

யாருக்கு உரிய அறிவுரை?

இவ்வறிவுரைகள் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்குப் பெரிதும் பொருந்தும். விடுமுறைக் காலையில் புக்கிட் காசிங் குன்றேறுவோரும், கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்து மரநிழலில் உலவுவோரும், மாணவரை முகாமுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் இவற்றைக் கைக்கொள்ளலாம். அஞ்சி வீட்டுக்குள் அடைந்திருக்க வேண்டுவதில்லை. அறிந்து செல்வது போதும். தோட்டங்கள் துண்டுபட்டு வீடமைப்புகளாக மாறும் இந்நாளில், கட்டடம் எழும்வரை கைவிடப்பட்டுக் கிடக்கும் கரம்பு நிலங்களே பழைய லாலாங் திட்டுகளின் வழித்தோன்றல்கள் என்பதை மட்டும் மறத்தலாகாது. அவற்றைத் துப்புரவாக வைத்திருப்பது தனி மனிதரால் ஆகக்கூடியதன்று. நிலத்துக்கு உரியவர்களும் நகராட்சியும் ஏற்க வேண்டிய கடமை அது.

ஏனெனில், 'கடிபடாமல் காத்துக்கொள்' என்னும் அறிவுரை, விலகிச் செல்ல இயன்றவருக்கே பயன்படும். 1920-களில் செம்பனைக் காட்டில் களையெடுத்த தொழிலாளிக்குப் புதரை விட்டு விலகும் உரிமை இல்லை. புதர்தான் அவர் வேலைக்களம். அன்றாடக் கூலி அதில்தான் இருந்தது. காலுறையும் இல்லை, காலணியும் இல்லை. இன்று அதே செம்பனைத் தோட்டங்களில் குனிந்து உழைப்போருள் பலர், வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். மொழி வேறு, புதர் ஒன்றே. தக்க ஆடையும் காலணியும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வதும், காய்ச்சல் கண்ட நாளிலேயே மருத்துவரிடம் அனுப்புவதும் தோட்ட உரிமையாளரின் கடமை.

பிளெட்சர், கிங்ஸ்பரி, லூத்வெயிட், சவூர், ஆடி, ஸ்மாடல் என்று இவ்வரலாறு பல பெயர்களைப் பாதுகாத்து வைத்துள்ளது. அவர்கள் போற்றத்தக்கவர்கள். ஆனால் எவருடைய குருதியில் அந்த இரு வித்துகளும் வெவ்வேறாகத் திரண்டனவோ, எவருடைய காய்ச்சலேட்டில் மருந்தின் வெற்றி கோடாக வரையப்பட்டதோ, அவர்களுடைய பெயர்கள் புகழ்பெறவில்லை. அவர்கள் பட்ட நோயின் பயனை உலகம் இன்று நுகர்கிறது. நம் பிள்ளைகளுக்கு மலாயாத் தோட்ட வரலாற்றைக் கற்பிக்கும்போது, இரப்பர்ப் பாலோடும் செம்பனை எண்ணெயோடும், அவர்கள் தம்மையறியாமல் உலகுக்கு ஈந்த இவ்வறிவையும் சேர்த்துச் சொல்லுதல் தகும்.